வெள்ளெழுத்து வந்த பிறகு இலக்கு சுட எந்தக் கண்ணாடி?

படிக்கிற கண்ணாடியைப் போட்டால் துப்பாக்கியின் ரியர் சைட் (கண்ணுக்கு அருகில் உள்ள பின் குறிகாட்டி) மட்டும் தெளிவாகத் தெரிகிறது, இலக்கு கரைந்து போகிறது. தூரப் பார்வைக் கண்ணாடியைப் போட்டால் இலக்கு பளிச்சென்று இருக்கிறது, ஆனால் குழல் நுனியில் உள்ள ஃப்ரன்ட் சைட்டின் விளிம்பு பஞ்சுபோல் ஆகிவிடுகிறது. ஐம்பதை ஒட்டிய வயதில் துப்பாக்கி சுடுபவர் எல்லோருக்கும் வரும் சங்கடம் இது. இரண்டு கண்ணாடியுமே இந்த வேலைக்கு ஆகாது. தேவைப்படுவது மூன்றாவது ஒன்று. தூரப் பவரோடு அரை டையாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) அல்லது அதைவிடச் சற்று அதிகமாகப் பிளஸ் சேர்த்த, ஒரே பவர் உள்ள லென்ஸ். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, லென்ஸை எங்கே எப்படிப் பொருத்துவது என்பதுதான் இனி.

ஏன் ஃப்ரன்ட் சைட்டுக்கு முதலிடம்?

ரியர் சைட்டுக்கும் ஃப்ரன்ட் சைட்டுக்கும் நடுவே 33 செ.மீ. உள்ள ஏர் பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ரியர் சைட்டின் காடிக்குள் (நடு வெட்டுக்குள்) ஃப்ரன்ட் சைட் ஒரே ஒரு மி.மீ. ஒதுங்கினால் 10 மீட்டரில் பெல்லட் சுமார் 30 மி.மீ. விலகி விழும். 10 மீ. ஏர் பிஸ்டல் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 8 மி.மீ. இடைவெளி. அதாவது ஏறக்குறைய நான்கு வளையம் போய்விடும். ஆனால் இரண்டு சைட்டும் சரியாக ஒன்றியிருக்க, மொத்தத் துப்பாக்கியும் இலக்கின் மேல் 5 மி.மீ. தள்ளி நின்றால் பெல்லட்டும் அதே 5 மி.மீ.தான் தள்ளிப்போகும். மங்கிய கறுப்பு வட்டத்தின் நடுவைக் கண் நன்றாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். மங்கிய ஃப்ரன்ட் சைட்டின் இருபுறமும் வெளிச்சம் சமமாக இருக்கிறதா என்பதை அதனால் சரியாகச் சொல்ல முடியாது. எனவே இலக்கு கொஞ்சம் மங்கலாம், ஃப்ரன்ட் சைட் மங்கக் கூடாது.

இருபது வயதுக் கண்ணால் சுமார் 10 டையாப்டர் வரை ஃபோகஸை நெருக்கிக்கொள்ள முடியும். நாற்பதுகளின் தொடக்கத்தில் அது 4, 5 ஆகக் குறைகிறது. அறுபதில் ஏறக்குறைய 1 மிஞ்சும். 40 செ.மீ. தூரத்தில் புத்தகம் படிக்க 2.5 டையாப்டர் வேண்டும், 90 செ.மீ. தூரத்தில் இருக்கும் ஃப்ரன்ட் சைட்டுக்கு 1.1 போதும். அதனால்தான் படிக்கக் கண்ணாடி போட்டுச் சில ஆண்டுகள் கழித்தே சைட் மங்கத் தொடங்குகிறது. கண் தன்னிடம் உள்ள திறனில் பாதியைத்தான் சிரமமில்லாமல் நீடித்துத் தர முடியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முதல் பத்து ஷாட் வரை சைட் கூர்மையாக இருந்து அதன் பிறகு கலங்கினால், கண் தன் எல்லைக்கு மேல் உழைக்கிறது என்று பொருள்.

முதலில் தூரப் பவர்

இங்கே அவசரப்படுபவர்கள் பிறகு வாங்கும் எல்லா லென்ஸையும் வீணாக்குகிறார்கள். குறிபார்க்கும் கண்ணுக்குத் தூரப் பார்வைப் பவர் புதிதாக, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வரும் மங்கலைத் திருத்தும் பவர்), அதன் கோணமான ஆக்சிஸ் உட்பட, முழுமையாகச் சோதிக்கப்பட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய சீட்டு உதவாது. நீங்கள் வழக்கமாகச் சுடும் நேரத்தை ஒட்டியே பரிசோதனைக்குப் போங்கள். நாள் முழுக்கக் கணினி பார்த்துக் களைத்த கண் மாலையில் வேறு எண் காட்டக்கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் கூடவே ஆடும். அது கட்டுக்குள் வந்து சில வாரம் நிலைத்த பிறகு சோதித்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

எந்தக் கண்ணால் குறிபார்க்கிறீர்கள் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு துளை விட்டு, தூரத்துப் பொருள் ஒன்றை இரு கண்ணாலும் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எந்தக் கண்ணுக்குப் பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். ஒரு கண்ணில் புரை வளர்ந்தால் இது காலப்போக்கில் மாறவும் செய்யும்.

சேர்க்க வேண்டிய பிளஸ்

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்து, காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி செருகி, உங்கள் வழக்கமான நிலையில் நில்லுங்கள் அல்லது படுங்கள். இன்னொருவர் உங்கள் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து ஃப்ரன்ட் சைட் வரை டேப் பிடித்து அளக்கட்டும். துப்பாக்கியை இறக்கி மறுபடி ஏந்தி, மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தூரத்தின் இரு மடங்கில் ஃபோகஸ் வைத்தால், ஃப்ரன்ட் சைட்டும் தொலைவில் உள்ள இலக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மங்கலில், அதாவது இரண்டும் தாங்கக்கூடிய மங்கலில் நிற்கும். கணக்கு எளிது: மீட்டரில் எழுதிய தூரத்தை இரண்டால் பெருக்கி, 1ஐ அதனால் வகுங்கள். 75 செ.மீ. என்றால் 0.67, 90 செ.மீ. என்றால் 0.56, ஒரு மீட்டர் என்றால் 0.50, 1.2 மீட்டர் என்றால் 0.42. லென்ஸ் பவர் 0.25 படிகளில்தான் கிடைக்கும். ஆக உங்கள் தேர்வு பெரும்பாலும் +0.50, +0.75 என்ற இரண்டுக்குள் முடிந்துவிடும். அளவெடுப்பதில் நான்கைந்து செ.மீ. கூடக்குறைய இருந்தால் பவர் மாறாது. மண்டியிடும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் தனித்தனி லென்ஸ் தேவையில்லை என்பதும் இதனால்தான்.

அப்பர்ச்சர் சைட் வைத்த ரைஃபிளுக்கு +0.50இல் தொடங்குங்கள். ரியர் சைட்டின் சிறு துளையே ஃபோகஸ் ஆழத்தைக் கூட்டிக் கொடுத்துவிடும். திறந்த சைட் உள்ள பிஸ்டலில் அந்த உதவி இல்லை, ஃப்ரன்ட் சைட்டும் கண்ணுக்குக் கொஞ்சம் அருகில் இருக்கும். அங்கே +0.75 பல பேருக்குப் பொருந்துகிறது. 50 மீட்டரோ 300 மீட்டரோ, இலக்கின் தூரம் மாறுவதால் இந்த எண் மாறுவதில்லை. 10 மீட்டருக்கும் முடிவிலிக்கும் உள்ள வித்தியாசமே 0.10 டையாப்டர்தான்.

இந்தப் பிளஸ் சேர்வது ஸ்பியர் என்ற அடிப்படைப் பவர் எண்ணில் மட்டும். சிலிண்டரையும் ஆக்சிஸையும் தொடக் கூடாது. தூரப் பவர் −2.00, சிலிண்டர் −0.75, ஆக்சிஸ் 90 என்றால், +0.50 சேர்த்த பிறகு −1.50, −0.75, 90. தூரப் பவர் +1.50 என்றால் +2.00. தூரத்துக்குப் பவரே இல்லாதவர் வெறும் +0.50 போடுவார். −0.50 மைனஸ் உள்ளவருக்கு இன்னும் சுலபம். தூரக் கண்ணாடியைக் கழற்றினாலே அவர் கண் ஏற்கெனவே சரியான இடத்தில் ஃபோகஸில் இருக்கிறது, அவருக்குப் பவர் இல்லாத பாதுகாப்புக் கண்ணாடி போதும்.

கணக்கு தரும் எண் தொடக்கம்தான், முடிவைக் கண் சொல்ல வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்டிடம் துப்பாக்கியை எடுத்துப்போக முடியாது, தேவையும் இல்லை. 4 மி.மீ. அகலத்தில் கறுப்பு அட்டைத் துண்டு ஒன்றை நேர் விளிம்பாக வெட்டி ஒரு குச்சியின் நுனியில் நிறுத்துங்கள். கண்ணிலிருந்து அது நீங்கள் அளந்த தூரத்தில் நிற்கட்டும். எதிர்ச் சுவரில் ஒரு கறுப்பு வட்டம். 10 மீ. ஏர் பிஸ்டல் இலக்கின் கறுப்பு 59.5 மி.மீ., அறையில் 5 மீட்டர்தான் கிடைக்கிறது என்றால் 30 மி.மீ. வட்டம் வரைந்தால் அதே தோற்றம் வரும். டிரயல் பிரேமில் (லென்ஸை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் சோதனை பிரேம்) முழுத் தூரப் பவரைப் போட்டு, அதன் மேல் +0.25, +0.50, +0.75, +1.00 என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பார்வையும் ஆறேழு விநாடிக்குள் முடியட்டும். அதற்கு மேல் உற்றுப் பார்த்தால் முந்தைய பிம்பத்தின் நிழல் கண்ணில் தங்கி எல்லாமே தெளிவாக இருப்பதாக ஏமாற்றும். அட்டையின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரியும் முதல் லென்ஸே உங்களுடையது. அதற்கு அடுத்த லென்ஸில் அட்டை கூடுதலாகக் கூர்மையாகாமல் வட்டம் மட்டும் சாம்பல் நிறமாகப் பரந்தால், ஒரு படி இறங்கி வாருங்கள். பரிசோதனை அறையின் இருட்டில் கண்பாவை விரியும், முடிவு பிசகும். சுடும் இடத்துக்கு ஒத்த வெளிச்சத்தில் செய்யுங்கள்.

இந்தச் சோதனையில் நேரும் பிழை பெரும்பாலும் ஒரே வகை. வட்டம் தெளிவாகத் தெரிவது மனதுக்கு இதமாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். பார்வையை அட்டையின் மேல் விளிம்பிலேயே நிறுத்தி, வட்டத்தைப் பின்னணியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் தரும் தொல்லை

சிலிண்டர் சரியாக இல்லாவிட்டால் அதை ஃப்ரன்ட் சைட்டே காட்டிக்கொடுக்கும். இரு பக்க விளிம்பும் கூர்மையாக, மேல் விளிம்பு மட்டும் கலங்கியிருக்கும், அல்லது இதற்கு நேர்மாறாக இருக்கும். ரைஃபிளில் வட்ட ஃப்ரன்ட் வளையம் முட்டை வடிவாகத் தெரியும். பிளஸ்ஸைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிக்கட்ட முடியாது. ஒரு விளிம்பு தெளிந்தால் மற்றது கலங்கும். 0.50 சிலிண்டரை அன்றாடக் கண்ணாடியில் சிலர் விட்டுவிடுவதுண்டு, சுடுவதற்கு விடக் கூடாது.

ஆக்சிஸ் 10 டிகிரி தவறினால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமலே மிஞ்சும். 30 டிகிரி தவறினால் லென்ஸ் போட்டும் போடாதது போலத்தான். சுடும் பிரேமில் லென்ஸ் வட்டமாக இருப்பதால் துடைக்கும்போது தானாகச் சுழன்றுவிடும். 37 மி.மீ. லென்ஸின் விளிம்பு 3 மி.மீ. நகர்ந்தாலே 10 டிகிரி ஆகிவிடுகிறது. லென்ஸின் ஓரத்திலும் அதைப் பிடிக்கும் வளையத்திலும் அழியாத பேனாவால் நேருக்கு நேராக ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒவ்வொரு முறை சுடப் போகும்போதும் பெட்டியைத் திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

இன்னொன்று: லென்ஸ் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருந்தால் இல்லாத சிலிண்டர் உருவாகும். −5.00 லென்ஸ் 20 டிகிரி சாய்ந்தால் சுமார் 0.65 டையாப்டர் சிலிண்டர் கூடுதலாக வந்து சேரும். −1.50 லென்ஸில் அதே சாய்வு 0.20தான் தரும். ஆகவே முகத்தைச் சுற்றி வளையும் விளையாட்டுக் கண்ணாடி குறைந்த பவர்காரருக்குத் தாங்கும், அதிகப் பவர்காரருக்குத் தாங்காது.

எதில் பொருத்துவது?

பைஃபோக்கலும் புராகிரசிவும் திறந்த சைட்டுக்கு ஒத்துவராது. புராகிரசிவில் ஒரு மீட்டர் தூரத்துக்கான பவர் லென்ஸின் நடுவுக்குக் கீழே ஒரு குறுகிய பட்டையில் இருக்கிறது. அதை எட்டத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும், சாய்த்த கோணம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாறும். பட்டைக்கு இருபுறமும் படம் நெளியும். கடையில் தயாராகத் தொங்கும் +1.50, +2.00 ரீடிங் கிளாஸின் ஃபோகஸ் 67 செ.மீ., 50 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அது ரியர் சைட்டின் இடம்.

வார இறுதியில் கொஞ்ச நேரம் பிஸ்டல் சுடுபவருக்குக் குறிபார்க்கும் கண்ணில் மேலே சொன்ன பவர், மற்றக் கண்ணில் தூரப் பவர் என்று ஒரு சாதாரண ஒற்றைப் பவர்ப் பாதுகாப்புக் கண்ணாடியே போதும். பிரேம் பெரிதாக இருக்கட்டும். பிஸ்டலுக்கு நிற்கும்போது தலை திரும்பி, பார்வை லென்ஸின் மூக்குப் பக்கமாகப் போகும். லென்ஸின் ஒளி மையம் அங்கே வர வேண்டும். நீங்கள் குறிபார்க்கும் நிலையில் நின்றிருக்க, இன்னொருவர் துப்பாக்கி வரிசைக்குப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்லச் சொல்ல, கண்பாவைக்கு நேராக லென்ஸில் சிறு புள்ளி ஒட்டிக் கடைக்காரரிடம் கொடுங்கள். அன்றாடக் கண்ணாடிக்கு எடுத்த அளவை அப்படியே பயன்படுத்த விடாதீர்கள்.

முறையாகப் போட்டிக்குச் சுடுபவருக்கு நோப்ளாக், சாம்பியன், கேமான் போன்ற சுடும் பிரேம்கள்தான் சரி. ஒற்றை வட்ட லென்ஸைத் தாங்கும் கையை மேலும் கீழும், பக்கவாட்டிலும், சாய்விலும் நகர்த்தலாம். படுத்துச் சுடும்போது பார்வை புருவத்துக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட மூலை வழியாகப் போவதால் சாதாரண பிரேமின் விளிம்பே குறுக்கே வரும். அங்கு இத்தகைய பிரேம் தவிர வேறு நல்ல வழி இல்லை. லென்ஸ் 23, 37, 42 மி.மீ. அளவுகளில் வருகிறது. பலருக்கும் 37 போதும். 23இல் பிரேம் துளி நகர்ந்தாலும் மையம் தப்பிவிடும். பொருத்தும் வரிசை இப்படி: முதலில் மூக்குத் தாங்கியும் காதுக் கம்பியும் உறுதியாகட்டும், பிறகு துப்பாக்கியை ஏந்திக் கண்ணை மூடித் திறந்து தலை இயல்பாக எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அதன் பிறகுதான் லென்ஸை நகர்த்திக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து, பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாகத் திருகுங்கள். லென்ஸைத் தேடித் தலை போகக் கூடாது.

இந்தப் பிரேமில் லென்ஸ் கண்ணிலிருந்து அன்றாடக் கண்ணாடியைவிடத் தள்ளி நிற்கும். ±4.00க்கு மேல் பவர் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். −6.00 லென்ஸை 12 மி.மீ. இடத்திலிருந்து 22 மி.மீ.க்குத் தள்ளினால் கண்ணுக்கு 0.30 டையாப்டர் அளவு மைனஸ் குறைந்துபோகும். அதாவது தெரியாமலே ஒரு படி பிளஸ் சேர்ந்துவிடும். கடைசி பவரை அந்தப் பிரேமிலேயே டிரயல் லென்ஸ் வைத்து முடிவு செய்வதுதான் பத்திரம்.

ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி திருத்தும் லென்ஸைச் சுடுபவர் அணியலாம், துப்பாக்கியில் பொருத்தக் கூடாது. மூத்தோர் பிரிவுகளுக்கு உள்ளூர் அமைப்புகள் தனிச் சலுகை வைத்திருக்கலாம், செலவு செய்யும் முன் உங்கள் போட்டியின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

ஐரிஸ், மறைப்பு, நிறம்

பிஸ்டல்காரருக்கு லென்ஸின் முன்னால் மாட்டும் ஐரிஸ் (துளையைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் கூடிய தகடு) பெரிய துணை. மங்கல் வட்டத்தின் அளவு துளையின் அளவுக்கு நேர் விகிதம். 3 மி.மீ. கண்பாவைக்குப் பதில் 1.2 மி.மீ. துளை வழியாகப் பார்த்தால் மங்கல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் வெளிச்சமும் குறையும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதில் கிடைத்த ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது, அதையும் பிடுங்கிவிடக் கூடாது. 1 மி.மீ.க்குக் கீழே போனால் ஒளிச் சிதறலால் விளிம்புகள் மறுபடி கலங்கும், கண்ணுக்குள் மிதக்கும் நூலும் புள்ளியும் வேறு தெரியத் தொடங்கும். முதலில் ஐரிஸை முழுக்கத் திறந்து வைத்துப் பவரைச் சரிசெய்யுங்கள், பிறகு ஃப்ரன்ட் சைட் தெளியும் வரை மட்டும் மூடுங்கள். தவறான பவரை ஐரிஸால் மறைத்தால் மேகம் மூடிய நாளில் எல்லாம் இருண்டுவிடும்.

சில சமயம் கோளாறு லென்ஸில் இல்லை. பிஸ்டலின் ரியர் காடி ஒடுங்கியிருந்தால் ஃப்ரன்ட் சைட்டின் இருபுறமும் உள்ள வெளிச்சக் கீற்றை மங்கல் விழுங்கிவிடும். காடியை அகலமாக்கிப் பாருங்கள். ரைஃபிளில் ஃப்ரன்ட் வளையத்தை ஒரு படி பெரிதாக்குங்கள். வயதான கண் கொஞ்சம் கூடுதல் வெள்ளையைக் கேட்கும்.

மற்றக் கண்ணை இறுக மூடாதீர்கள், கறுப்பாலும் மறைக்காதீர்கள். ஒரு கண் இருண்டால் இரண்டு கண்பாவையும் சேர்ந்து விரியும், குறிபார்க்கும் கண்ணின் ஃபோகஸ் ஆழம் குறையும். ஒளி ஊடுருவும் வெள்ளை மறைப்புதான் நல்லது. கண்ணுக்கு முன்னால் வரும் இந்த மறைப்பின் அகலம் ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 30 மி.மீ. வரை இருக்கலாம். கறுத்த கூலிங் கிளாஸும் கண்பாவையை விரிக்கும். கண் கூசாத வரை திறந்த சைட்டுக்கு நிறமற்ற லென்ஸே போடுங்கள். மங்கிய வானத்தின் கீழ் இளமஞ்சள் மாறுபாட்டைக் கூட்டும். பின்னாலிருந்து வரும் ஒளி லென்ஸின் உட்புறத்தில் பட்டுக் கண்ணில் அடிப்பதால், இரு பக்கமும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் லென்ஸ், பக்கவாட்டு மறைப்பு. கண்ணாடியால் ஆன லென்ஸ் வேண்டாம். ஒற்றை லென்ஸ் பிரேம் கண்ணை முழுதாகக் காப்பதில்லை, மற்றக் கண் திறந்தே இருக்கிறது. தோட்டாத் துப்பாக்கிக்கும், உலோக இலக்குகளுக்கும் இஸட்87.1 அல்லது இ.என். 166 தரமுள்ள பாதுகாப்புக் கண்ணாடிக்குள் பவர் லென்ஸ் செருகும் வகை மேல்.

டெலஸ்கோப், ரெட் டாட், ஷாட்கன்

இவற்றுக்குக் கூடுதல் பிளஸ் வேண்டாம், தூரப் பவர்தான். டெலஸ்கோப்பில் கண்ணாடியோடு, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ நோக்கி ஒரு விநாடி பார்ப்பதும் விலகுவதுமாக, குறுக்குக் கோடு பார்த்த மாத்திரத்தில் கூர்மையாகும் வரை ஐபீஸைத் (கண் பக்கத்து லென்ஸை) திருகுங்கள். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஐபீஸ் ஸ்பியரைத் திருத்தும், சிலிண்டரைத் திருத்தாது. ரெட் டாட் (சிவப்பு ஒளிப்புள்ளியால் குறிபார்க்கும் கருவி) காட்டும் புள்ளி வால் முளைத்தோ நட்சத்திரமாகவோ தெரிந்தால், கழற்றிக் கையில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். வால் கருவியோடு சுழன்றால் கோளாறு கருவியில். சுழலாமல் அதே திசையில் நின்றால் உங்கள் சிலிண்டர் திருத்தப்படவில்லை. ஷாட்கன்காரருக்குப் பார்வை முழுக்கப் பறக்கும் தட்டில் என்பதால், தலை குனிந்த நிலையில் கண் படும் இடத்துக்கு ஒளி மையத்தை மேலே ஏற்றச் சொன்னால் போதும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் குறிபார்க்கும் கண்ணுக்கு மட்டும் +0.50 அல்லது +0.75 கூட்டிய ஒற்றைப் பவர் லென்ஸ் வைத்துக்கொள்ளலாம். டோரிக் லென்ஸ் (சிலிண்டர் உள்ள வகை) கண்ணில் சுழன்றால் தெளிவு வந்து வந்து போகும், அப்போது சிமிட்டிவிட்டு அது நிலைக்கும் வரை காத்திருங்கள். மல்டிஃபோக்கல் வகை மாறுபாட்டைக் குறைக்கும், சுடுவதற்கு அது நட்டம்.

கண்புரை

ஆண்டுக்கு ஆண்டு மைனஸ் ஏறிக்கொண்டே போனால், எதிர் வெளிச்சத்தில் இலக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால், லென்ஸ் மாற்றிக்கொண்டே இருக்காமல் கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள். அறுவை செய்துகொள்ளும் முன்பே துப்பாக்கி சுடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தூரத்தையும் கிட்டத்தையும் ஒருங்கே தரும் மல்டிஃபோக்கல் லென்ஸ் ஒளியைப் பங்கிடுவதால் சாம்பல் நிற வேறுபாடுகள் தேயும். தூரத்துக்கு வைத்த ஒற்றைப் பவர் லென்ஸும், சுடும்போது மட்டும் வெளியே +0.50 கண்ணாடியும் என்பது சுடுபவருக்கு அதைவிடப் பொருத்தம். பொருத்திய லென்ஸ் ஃபோகஸ் மாற்றாது, அதனால் மேலே சொன்ன கணக்கு அந்தக் கண்ணுக்கு முழுமையாகப் பொருந்தும். அறுவை முடிந்து பவர் நிலைக்கப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சுடும் லென்ஸுக்கு ஆர்டர் கொடுப்பதை அதுவரை தள்ளிவையுங்கள்.